ஆமை வராத இரவுகள்

நீலாங்கரைக் கடற்கரைக்கு ஆமை நடைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னைக்கு ஆமை பார்க்கலாமா சார்?" மறுநாள் கல்லூரியோ வேலையோ இருக்க, நள்ளிரவில் கண் விழித்து வந்து நிற்கிறவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் பதில் பல வருடங்களாக மாறவில்லை: "தெரியாதும்மா, நடந்து பார்க்கலாம் வா."

இந்தக் கரையில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க என் முழங்கால் இப்போது இடம் கொடுப்பதில்லை. இனி நடக்கப்போகிறவர்கள் நீங்கள்தான்.

பங்குனி ஆமை முட்டையிட வரும் கரை இது. ஜனவரியில் ஒன்றிரண்டாகத் தொடங்கி, மாசி பங்குனியில் நிறைய வந்து, ஏப்ரலில் ஓய்ந்துவிடும். ஓடு இரண்டு அடிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். எடை நாற்பது கிலோவை ஒட்டி. கரையேறுவது பெண் ஆமை மட்டும்தான். ஆண், குஞ்சாகக் கடலில் இறங்கிய நாளோடு சரி, பிறகு மண்ணுக்கு வருவதில்லை. தான் பொரிந்த கரைப் பகுதியைத் தேடி, பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் தாயாகத் திரும்பி வரும் பிராணி அது. அந்த இடைவெளியில் நம் ஊர் என்ன ஆகிவிட்டது என்று அதற்குத் தெரியாது. போகும்போது சவுக்குத் தோப்பாக இருந்த இடத்தில் திரும்பும்போது மாடி வீடும் மின்விளக்கும் இருக்கின்றன. முட்டையை நாய் தோண்டுகிறது, நண்டும் காக்கையும் குஞ்சைத் தூக்குகின்றன, ஒரு காலத்தில் மனிதர்களும் முட்டையைத் தோண்டி எடுத்துப் போனார்கள்.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் இந்த மணலில் இரவில் நடக்கத் தொடங்கியவர்கள் 1970களின் முற்பகுதியில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சுற்றி இருந்த இளைஞர்கள். ரோமுலஸ் விட்டேக்கர் அவர்களுக்கு நடுநாயகம். முட்டைகளைப் பத்திரமான வேலிக்குள் மாற்றிப் புதைக்கும் பொரிப்பகத்தை 1974இல் அமைத்தார்கள். அதன்பின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோவளத்தில் சில ஆண்டுகள் செய்தது. மாநில வனத்துறை சில ஆண்டுகள் செய்தது. 1988இல் வனத்துறை அதை விட்டபோது, சென்னைக் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அன்றைய மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது பேராசிரியர் ஆனவரைப் பற்றி மட்டும் அல்ல. அந்த அமைப்பு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது என்பதைப் பற்றி. மாணவர் என்றால் மூன்று நான்கு வருடத்தில் ஊரை விட்டுப் போகிறவர். அப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ஒரு வேலை ஒரு தலைமுறையைத் தாண்டி நடக்கிறதென்றால், ஒவ்வொரு பருவத்திலும் யாரோ ஒருவர் அடுத்தவருக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள்.

தொண்ணூறுகளில் நான் இதில் சேர்ந்தபோது ஒரு வங்கியில் வேலை. பகலில் கணக்கு, வார இறுதி இரவில் கடற்கரை. என் அம்மாவுக்கு இது புரியவே இல்லை. ராத்திரி கண் விழிக்கச் சிவராத்திரி இருக்கிறது, ஏகாதசி இருக்கிறது, ஆமைக்காக யாராவது விழிப்பார்களா என்று கேட்பாள். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். ஒரு நாள், பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில் கூட்டி வாருங்கள். என் அம்மா அதற்குப் பிறகு ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

இப்போது வேலையைச் சொல்கிறேன். கிட்டே நின்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

அலை நனைத்த மணலுக்கும் காய்ந்த மணலுக்கும் இடையே உள்ள ஓரத்தைப் பிடித்து நடப்போம். டார்ச் அணைந்தே இருக்கும். பேச்சும் குறைவு. ஆமை ஏறியிருந்தால் ஈர மணலில் டிராக்டர் டயர் ஓடியதுபோல் ஒரு தடம் மேலே போகும். முட்டையிட்டுத் திரும்பியிருந்தால் இன்னொரு தடம் கீழே இறங்கும். மேல் தடம் மட்டும் இருந்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். ஆமை மேலே இருக்கிறது. குழி தோண்டும் நேரத்தில் ஆள் அரவம் கேட்டால் வேலையை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை இறங்கத் தொடங்கிய பிறகு அவ்வளவு கூச்சம் இல்லை. பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்கு, வாய் குறுகி அடி விரிந்த குழியை அது தோண்டும் விதம் இருக்கிறதே, கண்ணால் பார்க்காமலேயே தோண்டுகிறது. ஒரு துடுப்பு மண்ணை அள்ளி ஓரத்தில் வைக்கும்போது மற்றது மேல் மண்ணைத் தள்ளிவிடும். நூறு, நூற்றிருபது முட்டை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, உடம்பை இடமும் வலமுமாகச் சாய்த்துச் சாய்த்துத் தட்டி இறுக்கும். அந்தத் தட்டும் சத்தம் காலடி மணலில் நமக்குக் கேட்கும். பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். கண்ணில் நீர் வழிவதைக் கண்டு ஆமை அழுகிறது என்று சிலர் உருகுவார்கள். உடம்பில் சேரும் உப்பை அது கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது, கடலிலும் அப்படித்தான்.

தடம் மட்டும் இருந்து ஆமை போய்விட்டிருந்தால் முட்டையைத் தேடுவது தனிக் கலை. கலைந்த மணல் ஆறடிக்குப் பரந்து கிடக்கும். குழியின் வாய் ஒரு சாண். மெல்லிய கோலை அழுத்தாமல் இறக்கிப் பார்க்க வேண்டும். கெட்டி மணலில் கோல் நிற்கும். குழியின் கழுத்துக்கு மேல் மட்டும் சட்டென்று இளகி உள்ளே போகும். அந்த இளக்கத்தை விரல் உணர்ந்த கணமே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் முட்டை உடையும். அவசரக்காரர்களுக்கு இது வராது. பெரிய படிப்பு படித்தவர்கள் தடுமாற, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் முயற்சியிலேயே கண்டுபிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

முட்டையைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்து, எண்ணி, குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, அடிமணலில் ஒரு பிடியும் எடுத்துக்கொண்டு பொரிப்பகத்துக்குப் போவோம். சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நேரம் கடந்தால் உள்ளே கரு ஓட்டில் ஒட்டத் தொடங்கிவிடும், பிறகு அசைத்தால் ஆபத்து. அங்கே அதே ஆழம், அதே அகலத்தில் குழி தோண்டிப் புதைத்து, ஒரு குச்சியில் எண், தேதி, எடுத்த இடம், முட்டைக் கணக்கு எழுதிச் செருகுவோம். நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாளுக்குள் குஞ்சு வரும். மணலின் சூடு குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது. முப்பது டிகிரியை ஒட்டிய ஒரு கோட்டுக்கு மேலே போகப் போகப் பெண் அதிகம், கீழே ஆண் அதிகம். இன்னும் ஏறினால் கருவே வெந்துபோகும். அதனால் பங்குனி வெயிலில் பிந்திய குழிகளுக்கு நிழல் கட்ட வேண்டும். யார் கட்டுவது? முதல் நாள் ஆமை பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போன கூட்டம் அல்ல. திரும்பத் திரும்ப வருகிறவர்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். ஆசையோடு வருகிறவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. ஒரு கரையை, ஒரு ஏரியை, ஒரு காட்டைக் காப்பாற்றியவர்கள் முறை வைத்து வந்தவர்கள். செவ்வாய் இரவு என் முறை என்றால் செவ்வாய் இரவு நான் வருவேன், மழை தூறினாலும், அன்று ஆமை வராவிட்டாலும். வராத இரவுகள்தான் அதிகம், பிள்ளைகளா. ஏழு கிலோமீட்டர் நடந்து, ஒரு தடம்கூடக் காணாமல், காலைப் பால் வண்டி வரும் நேரத்தில் வீட்டுக்குப் போகும் இரவுகள். அந்த இரவுகளை வீண் என்று நினைத்தவர்கள் இரண்டாவது பருவத்துக்கு வந்ததில்லை. நோட்டில் "தடம் இல்லை" என்று எழுதுகிறோமே, அதுவும் கணக்குதான். எந்த இரவு, எந்தக் காற்று, எந்த இடத்தில் ஆமை வரவில்லை என்று தெரியாமல், வந்ததற்கு என்ன அர்த்தம் இருக்கிறது?

பலனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிய ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நீங்கள் இன்று விடும் குஞ்சு தாயாகித் திரும்பும்போது உங்களுக்கு நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருக்கும். வந்தாலும் அது நீங்கள் விட்டதுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏணியின் அடுத்த படி கண்ணுக்குத் தெரிந்தால்தான் கால் வைப்போம் என்று பழக்கப்பட்ட உங்கள் வயதுக்கு இது கடினம். நான் வேலை பார்த்த உலகத்திலும் எல்லாவற்றுக்கும் மார்ச் மாதத்தில் கணக்கு முடித்தாக வேண்டும். கணக்கு முடியாத வேலை ஒன்று என் வாழ்க்கையில் இருந்தது என்பதுதான் எனக்கு இன்று பெரிய நிறைவு.

சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர் இருந்தார். சென்னை ஐஐடியில் படிக்க வந்து, பாம்புப் பண்ணைக் குழுவோடு கடற்கரைக்குப் போய், கடல் ஆமைக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர். இந்தியக் கரையில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நடந்தே பார்த்தவர் அவர். 1982இல் லட்சத்தீவின் சுஹேலி வலியகரா என்ற ஆளில்லாத் தீவில், படகு எதுவும் வராத மழைக்காலத்தில், பச்சை ஆமைகளைக் கணக்கெடுக்கத் தனியாகத் தங்கினார். ஊரில் மனைவி. கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது சில வாரங்களில் இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்க்க, மனைவிக்கு வந்து சேர்ந்தது. புட்டிக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிட அவருடைய குறிப்பேடுகளை நான் மதிக்கிறேன். இந்தியாவில் எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பதற்கு முதல் ஆதாரம் பல இடங்களில் அவர் எழுதி வைத்ததுதான். 2023இல் காலமானார். தன் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று அவர் நடக்கவில்லை.

குப்பத்து மக்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாடம் முடியாது. நகரத்திலிருந்து போகிற நமக்கு ஒரு மிதப்பு உண்டு, நாம் கற்பிக்கப் போகிறோம் என்று. ஊரூர் குப்பத்தில், திருவான்மியூர் குப்பத்தில், கொட்டிவாக்கத்தில் கரையில் உறங்குகிறவர்கள் நமக்கு முன்பே அந்த ஆமையைக் கண்டவர்கள். எங்கே மணல் அரித்துவிட்டது, அலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஆமை நேற்று எந்தப் பக்கம் தலைகாட்டிப் போனது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். நான் அறிந்த பெரியவர் ஒருவர், இரவு வலைக்குப் போகுமுன் ஆமை ஏறிய இடத்தில் தன் துடுப்பைக் குறுக்கே போட்டு வைத்துவிட்டுப் போவார், எங்களுக்கு அடையாளம். அவருக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. நீலாங்கரையில் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே கடல் ஆமைப் பாதுகாவலர்களாக ஆக்கியது. வேலை நிலைப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆகவே குப்பத்துக்குள் போகும்போது முதலில் வணக்கம் சொல்லுங்கள். "அண்ணே, நேத்து ஏதாவது ஏறுச்சா?" என்று கேளுங்கள். உபதேசத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

2025 ஜனவரியை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தவை. ஆமை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய பிராணி. இழுவை மடியில் சிக்கித் தண்ணீருக்குள்ளேயே மணிக்கணக்கில் இழுபட்டால் மூச்சு முட்டிச் சாகும். கரையை ஒட்டி விசைப்படகு இழுவை மடி இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது, ஆமைப் பருவம் அதற்குள் முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் கரையில் நடந்த தன்னார்வலர்கள் ஒவ்வொரு உடலையும் எண்ணினார்கள், இடத்தைக் குறித்தார்கள், படம் எடுத்தார்கள். நாற்றத்தில், ஈ மொய்க்க, காலையும் இரவும். பத்திரிகைகள் எழுதின, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு அரசுத் துறைகளைக் கேள்வி கேட்டது. எண்ணிக்கை இல்லாமல் இருந்திருந்தால் "ஏதோ சில ஆமை செத்தது" என்று போயிருக்கும்.

கோபம் வரும், வர வேண்டும். ஆனால் கோபத்தை விசைப்படகில் கூலிக்குப் போகிற ஆளின் மேல் இறக்காதீர்கள். டீசல் கடனோடு கடலுக்குப் போகிறவர் அவர். வலையின் தொண்டையில் கம்பித் தடுப்பும் ஒரு வாசலும் வைத்தால் இறால் உள்ளே போகும், ஆமை வெளியே போய்விடும். நம் நாட்டு மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நமக்கு ஏற்றபடி அதைச் செய்தே காட்டியிருக்கிறது. அந்தத் தடுப்பு இல்லை என்பதற்காக அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்தது. எனவே அது ஆமையின் பிரச்சினை மட்டும் அல்ல, அந்தப் படகுக்காரரின் வயிற்றுப் பிரச்சினையும்கூட. துறைமுகத்துக்குப் போய் உட்கார்ந்து பேசுகிற பொறுமை உங்கள் தலைமுறைக்கு வேண்டும். எங்கள் தலைமுறை மணலில் செய்ததை நீங்கள் கடலுக்குள் கொண்டு போகவேண்டும். அதில் நாங்கள் அதிக தூரம் போகவில்லை.

கடலே இல்லாத ஊர்ப் பிள்ளைகள் இதைப் படித்தால், உங்களுக்கும் இதே வேலைதான். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டம் சொல்லியா செய்கிறார்கள்? ஊர் கூடி எடுத்த முடிவு, தலைமுறை தலைமுறையாகக் காக்கிறார்கள். பட்டாசு பிடிக்காத குழந்தை எந்த ஊரிலும் இல்லை, அந்தக் குழந்தைகளும் விட்டுக்கொடுக்கிறார்கள். உங்கள் ஊர்க் கண்மாயோ குளமோ குன்றோ, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரிய பெயர் வைக்க வேண்டாம், பதாகை அடிக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வாரம் ஒரு முறை போய், தண்ணீர் எவ்வளவு, என்ன பறவை, யார் குப்பை கொட்டினார், எந்த மரம் வெட்டுப்பட்டது என்று தேதி போட்டு எழுதுங்கள். ஐந்து வருடம் எழுதியவரின் நோட்டை எந்த அதிகாரியும் அலட்சியம் செய்ய முடியாது.

கடலோரம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொரிந்த குஞ்சு வெளிச்சம் அதிகமான பக்கம் நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல் பக்கம். நம் வீட்டு விளக்கு எரிந்தால் அது தெரு. நாம் காணாமல் விட்ட குழிகளில் பொரியும் குஞ்சுகள் அப்படித்தான் சாலைக்கு ஏறி நசுங்குகின்றன. ஜனவரி முதல் மே வரை, கடலைப் பார்த்த மாடி விளக்கையும் மதில் விளக்கையும் இரவில் அணையுங்கள். இல்லையென்றால் கடல் பக்கம் வெளிச்சம் போகாமல் மறைப்புப் போடுங்கள். கரையில் ஆமைத் தடத்தையோ, செத்த ஆமையையோ கண்டால், தொடாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வார இறுதி இரவுகளில் இந்தப் பருவத்திலும் நடை உண்டு. தண்ணீர்ப் புட்டியோடு வாருங்கள், டார்ச்சை அணைத்து வையுங்கள்.